எப்படி உடைந்தது என்று கேட்டார்கள்

ஜூன் 4

வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. வாலுவின் இடது கை திரும்பவும் உடைந்துவிட்டது. மூன்றாவது தடவை. அதே இடம், தோளுக்கு நாலு விரல் கீழே. போன வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும்போது நம் கட்டிடத்து மாடிப்படியில் தடுக்கி விழுந்தாள். கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வலி குறைந்திருக்கிறது, சாப்பிடுகிறாள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நாம் போனில் பேசினால் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். அவள் கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்பாள். கடிதமென்றால் கோபத்தில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதலாம். அதனால் நம் ஏற்பாடு அப்படியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் உங்களுக்கும் அவளுக்கும் மட்டும்.

எலும்பு டாக்டர் பென்சிலால் படம் போட்டுக் காட்டினார். எலும்புக்குள் இருப்பது வெறும் நீர்க்கட்டி, கெட்ட கட்டி இல்லை என்று நாலு தடவை சொன்னார். ஆனால் அது எலும்பை உள்ளே காலியாக்கி முட்டை ஓடு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறது. உடைகிறது, கூடுகிறது, மறுபடி அங்கேயே உடைகிறது. இரண்டு தடவை ஊசி போட்டும் அந்தக் காலி இடம் அடையவில்லை. இனி திறந்து, உள்ளே சுரண்டி எடுத்து, எலும்புத் துகள் நிரப்பி, முழங்கைப் பக்கமிருந்து வளைந்து கொடுக்கும் மெல்லிய கம்பி இரண்டை மேலே ஏற்றிவிட வேண்டும் என்கிறார். ஜூலை பத்தாம் தேதி குறித்திருக்கிறார்.

படிவம் இதோடு இருக்கிறது. அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செய்வார்களாம். நம் ஃபைலில் பழைய குறிப்பு ஒன்று இருக்கிறதாம். என்ன குறிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். நீங்கள் போட்டு உடனே அனுப்புங்கள்.

வாலுவின் அம்மா

&nbsp;

ஜூன் 11

டெய்லரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பதினாலாவது மாடிக்கும் பதினைந்தாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு படித்தேன். கீழே இருந்த கூட்டாளி, “என்னண்ணே, பேச்சு மூச்சையே காணோம்?” என்று கத்தினான். “வீட்டுக் கடிதம்டா” என்றேன். கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன்.

படிவத்தை அனுப்பவில்லை. கோபப்படாமல் படி. படியில் உருண்டால் உனக்கும் உடையும், எனக்கும் உடையும். அதற்காக ஒன்பது வயதுப் பிள்ளையைக் கிழிக்க வேண்டுமா? உடைந்த கட்டி சில சமயம் தானாகவே அடைந்துவிடும் என்று முதல் டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா? கட்டி இருப்பது எலும்பு வளரும் இடத்துக்குப் பக்கத்தில். சுரண்டும்போது அங்கே பட்டுவிட்டால் ஒரு கை குட்டையாகப் போகும். கம்பி எனக்குத் தெரிந்த சாமான். கம்பி நகரும், உறுத்தும், பிறகு எடுக்க இன்னொரு தடவை அறுக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் கட்டி திரும்ப வரலாம் என்று அந்தப் படிவத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். நீ படித்தாயா?

இன்னொன்று. ஏழு மாடிக் கட்டிடம், லிஃப்ட் இருக்கிறது. அவளைப் படியில் விடவே மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் பண்ணினாய். அன்றைக்கு ஏன் படியில் இறங்கினாள்?

குறிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் மறக்கவில்லை. மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்த வாசலில், இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி அவளைத் தாண்ட வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் “இவர்தான் இழுத்து உடைச்சார்” என்றாய். குழந்தைகள் நலப் பிரிவு அம்மா வந்து என்னை மூன்று மணி நேரம் ஓர் அறையில் உட்கார வைத்தார். எக்ஸ்ரேயில் கட்டி தெரிந்த பிறகுதான் விட்டார்கள். பெற்ற பிள்ளையின் கையை ஒடித்தவன் என்று நினைத்து ஒரு நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னோடு வருகிறது. இந்த ஊருக்கு நான் வேலைக்காக மட்டும் வரவில்லை.

வாலுவிடம், அப்பா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார் என்று சொல்.

வாலுவின் அப்பா

&nbsp;

ஜூன் 17

வாலுவின் அப்பாவுக்கு,

லிஃப்ட் பழுது. அதனால் படி. போதுமா?

நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு வளரும் இடம், வளராத இடம் என்று எனக்குப் பாடம் நடத்துகிறீர்கள். இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று தெரியுமா? அவள் பள்ளியில் விளையாட்டு நேரத்தில் மற்றப் பிள்ளைகளின் பைகளுக்குக் காவல் இருக்கிறாள். வீட்டில் என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை நிறம் பிரிக்கிறாள். போன வருஷம் பந்து எறிந்தாள், கை உடைந்தது. அதிலிருந்து அவள் எதையும் எறிந்து நான் பார்க்கவில்லை. அவளுடைய எல்லாச் சட்டையையும் இடது பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரை பிரித்து, ஒட்டும் பட்டை வைத்துத் தைத்திருக்கிறேன். கையை நுழைக்கவே வேண்டாம், கதவு மாதிரி மூடிவிடலாம். ஊருக்கெல்லாம் சீருடை தைக்கிறவள் என் பிள்ளைக்கு இப்படித் தைக்கிறேன்.

வாலு என்று பெயர் வைத்தது நீங்கள்தான். அவள் இப்போது வாலே இல்லாமல் இருக்கிறாள். கூப்பிட்ட குரலுக்கு வந்து, உட்கார் என்றால் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் இருக்கிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பொடி எழுத்தையும் படித்தேன். கட்டி திரும்ப வரலாம், இன்னொரு தடவை திறக்க வேண்டியிருக்கலாம். எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். தேதி நெருங்குகிறது. தயவுசெய்து அனுப்புங்கள்.

வாலுவின் அம்மா

&nbsp;

ஜூன் 23

டெய்லரம்மாவுக்கு,

நானே டாக்டரிடம் போனில் பேசினேன். நல்ல மனுஷர், அவசரப்படவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “படியில் பலமாக விழுந்து உடைந்ததென்றால் கட்டுப் போட்டு இரண்டு மாதம் பார்க்கலாம், அதிலும் தப்பில்லை. சும்மா இருக்கும்போதே உடைகிறதென்றால் காத்திருக்கக் கூடாது. எப்படி உடைந்தது என்பதை வைத்துத்தான் முடிவு. அம்மா படி என்கிறார். அதனால் நீங்கள் இருவரும் பேசிச் சொல்லுங்கள்.” எனக்கு உயிர் வந்தது. ஆகவே பொறுப்போம். செப்டம்பரில் படம் எடுத்துப் பார்ப்போம்.

ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. நம் கட்டிடத்து லிஃப்டை இப்போதும் என் பழைய கூட்டாளிதான் பார்க்கிறான். அவன் பதிவேட்டைப் புரட்டிச் சொன்னான். அந்த வெள்ளிக்கிழமை லிஃப்ட் நிற்கவில்லை. அந்த வாரமே நிற்கவில்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை. நீ ஏன் பழுது என்று எழுதினாய்? அவளைத் தனியாக விட்டுவிட்டு முன்னால் இறங்கிவிட்டாயா?

வாலுவிடமும் கேட்டேன். “படியில விழுந்தேன்பா, மூணாவது படி, கால் தடுக்கிடுச்சு” என்றாள். போன ஞாயிறும் இதே வார்த்தைகள்தான். ஒரு வார்த்தைகூட முன்பின் இல்லை. எதையும் சுற்றி வளைத்துக் கதையளக்கிற பிள்ளை அவள். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின மாதிரி எதற்குச் சொல்கிறாள்?

என்ன நடந்தது என்று எழுது.

வாலுவின் அப்பா

&nbsp;

ஜூன் 28

உங்களுக்கு,

லிஃப்ட் நிற்கவில்லை. அவள் படியில் விழவும் இல்லை. என் கையில்தான் உடைந்தது.

அன்றைக்கு ஒட்டும் பட்டை வைத்த சட்டைகள் எல்லாம் துவைத்து ஈரமாகக் கிடந்தன. சாதாரணச் சட்டையை எடுத்தேன். கடையில் அறுபது சீருடை மதியத்துக்குள் போக வேண்டும். இவள் என்னவென்றால் ஒரு காலுறையைக் காலிலும் இன்னொன்றைக் கையிலும் மாட்டிக்கொண்டு, கையிலிருப்பதைப் பொம்மையாக்கி அதோடு பேசிக்கொண்டிருக்கிறாள். மூன்று தடவை கூப்பிட்டேன். வரவில்லை. இழுத்து நிறுத்தி, இடது கையைச் சட்டைக் கைக்குள் திணித்து, மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். கோபத்தில்தான் இழுத்தேன். அதைப் பூசி மெழுகப் போவதில்லை. துணி கிழிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தம் அப்படித்தான் இருந்தது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. அழக்கூட இல்லை. தரையில் உட்கார்ந்து, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டு நின்றேன். அப்போது அவள்தான் சொன்னாள். “அம்மா, படியில விழுந்தேன்னு சொல்லிக்கலாம்மா. இல்லேன்னா உன்னையும் அந்த ரூம்ல உட்கார வச்சுடுவாங்க.”

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியது இதுதான். ஒன்பது வயதுப் பிள்ளை வலியோடு உட்கார்ந்துகொண்டு எனக்கு வழி சொல்லிக் கொடுத்தாள், நான் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி போகும் வழியில் எத்தனையாவது படி என்றுகூட இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். மூன்றாவது படி என்று முடிவு செய்தது நான். டாக்டர் கேட்டபோது சொன்னேன். உங்களுக்கும் எழுதினேன். அந்தப் பொய்யாலேயே ஆபரேஷன் நிற்கப்போகிறது என்று தெரிந்த பிறகும் லிஃப்ட் பழுது என்று இன்னொன்றை எழுதினேன். உங்களிடம் மாட்டிக்கொள்வதைவிட அவள் கை இன்னொரு தடவை உடையட்டும் என்று நினைத்தேனா? அப்படி நினைக்கவில்லை. ஆனால் நான் செய்தது அதுதான்.

“இவர்தான் இழுத்து உடைச்சார்” என்று சொன்ன வாய் இது. நீங்கள் விளையாட்டாகத் தூக்கினீர்கள். நான் ஆத்திரத்தில் இழுத்தேன். உங்களை உட்கார வைத்த அறையில் என்னை உட்கார வைக்க ஆளில்லை. என்னை மன்னியுங்கள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை.

நாளைக் காலையில் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லப் போகிறேன். அவர்கள் என்ன செய்தாலும் செய்யட்டும். சட்டை போடும்போதே உடைகிற கை இது. இனி ஒரு நாளும் காத்திருக்க முடியாது. என்னை வாய்க்கு வந்தபடி திட்டி எழுதுங்கள். படிவத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

வாலுவின் அம்மா

&nbsp;

ஜூலை 3

டெய்லரம்மாவுக்கு,

கையெழுத்துப் போட்ட படிவம் உள்ளே இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பத்திரமாக வை. மீதியைப் பிறகு படி.

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. நாலாவது பக்கத்தில் “பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தவளே” என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. கிழித்துப் போட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த மழை நாளில் நீ வண்டியின் முன் சீட்டில் டிரைவரை விரட்டிக்கொண்டு வந்தாய். நான் பின்னால் அவளை மடியில் வைத்திருந்தேன். அவள் என் காதில் சொன்னாள். “அப்பா, நான் ஓடி விழுந்துட்டேன்னு சொல்லிடறேன். அம்மா உன்னைத் திட்டாது.” நான் தலையாட்டினேன். ஏழு வயதுப் பிள்ளை சொன்னதற்குத் தலையாட்டினேன். ஆஸ்பத்திரி போனதும், நீ கட்டிட வாசலில் நின்று பார்த்ததைச் சொன்னாய். அவள் விழுந்தேன் என்றாள். நான் பயத்தில் முதலில் விழுந்தாள் என்று சொல்லி, பிறகு தூக்கினேன் என்று மாற்றினேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? அந்த மூன்று மணி நேரம் உன்னால் வந்ததில்லை. என்னால் வந்தது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் இரண்டு வருஷமாக உன் மேல் பழி போட்டேன். அந்தப் பழியை வைத்துக்கொண்டு வீட்டை விட்டு வந்தேன், பார்த்தவனிடமெல்லாம் சொன்னேன், உன் அண்ணனிடமும் சொன்னேன்.

அன்றைக்கு எனக்காகச் சொன்னாள், இப்போது உனக்காகச் சொன்னாள். கை உடைந்தது அவளுக்கு, நம் இருவரையும் காப்பாற்றுகிற வேலையும் அவளுக்கு. 

உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆனால் ஒன்பதாம் தேதி காலையில் வந்துவிடுவேன்.

வாலுவின் அப்பா

&nbsp;

ஜூலை 26

வாலுவின் அப்பாவுக்கு,

நீங்கள் வேலைக்குத் திரும்பிப் பத்து நாளாகிறது. நேற்றுத் தையல் பிரித்தார்கள். “என் அம்மா தையல் இதைவிட நல்லா இருக்கும்” என்று டாக்டரிடமே சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தழும்பு தோளுக்குக் கீழே ஒரு விரல் நீளம், முழங்கைப் பக்கம் சின்னதாக இரண்டு. விரல்களை அசைக்கிறாள். கம்பிகள் சரியாக நிற்கின்றனவாம். எலும்புத் துகள் பிடிக்க மூன்று மாதமாகுமாம். சுரண்டும்போது வளரும் இடத்தில் படவில்லை என்றுதான் நினைக்கிறேன், வளர வளரத்தான் உறுதியாகத் தெரியும் என்றார். அவர் சொன்ன “நினைக்கிறேன்” என்ற வார்த்தையை நான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

நான் முன்பே போய்ச் சொன்னதையும், நீங்கள் வந்த பிறகு நாம் இருவரும் சேர்ந்து சொன்னதையும் டாக்டர் ஃபைலில் எழுதிவிட்டார். இந்த எலும்புக்குச் சட்டை போடுவதே போதும், தூக்குவதே போதும், இருவர் மேலும் குற்றமில்லை என்று எழுதி எனக்குப் படித்தும் காட்டினார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆனால் அவள் கேட்டது ஒன்று பாக்கி இருக்கிறது. இனி எங்களுக்காகப் பொய் சொல்லாதே கண்ணு என்று நீங்கள் சொன்னபோது, “அப்போ நிஜத்தைச் சொன்னா நீங்க ரெண்டு பேரும் சண்டை போட மாட்டீங்களா?” என்றாளே. நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள். நான் போர்வையை மடித்தேன். அவள் இருவரையும் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டும் என்றாள். தினமும் ஒரு தடவையாவது அது எனக்கு ஞாபகம் வருகிறது.

கிளம்பும்போது அவள் தலையைத் தொட்டீர்கள், கன்னத்தைத் தொட்டீர்கள். கையை மட்டும் தொடவில்லை. நல்ல கையைக்கூட. நானும் அப்படித்தான் இருக்கிறேன். குளிப்பாட்டும்போது கைப்பக்கம் போகாமல் முதுகுக்கே சோப்புப் போடுகிறேன். அதை அவள் கவனிக்கிறாள்.

வாலுவின் அம்மா

&nbsp;

ஆகஸ்ட் 3

டெய்லரம்மாவுக்கு,

அவள் கேட்டதை நானும் நினைத்துப் பார்த்தேன். சண்டை போட மாட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்மைப் பற்றி எனக்குத் தெரியாதா?

உன் அண்ணனைக் கூப்பிட்டு, நான் முன்பு சொன்னது தப்பு, தங்கச்சி மேல் பிழையில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் “சரி” என்றார். பிறகு வாலு எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

இப்போதைக்கு என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான். கையை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். படம் எடுத்த அன்றே எழுது.

வாலுவின் அப்பா

&nbsp;

நவம்பர் 19

என்னங்க,

போன மாதம் டாக்டர் ஓடலாம், விளையாடலாம் என்று சொன்னதை எழுதியிருந்தேன். நேற்று மாலை நான் கடையில் இருந்தேன். கீழ்வீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடி வந்து, “உன் பொண்ணு சைக்கிள்ல இருந்து விழுந்துட்டா” என்றார். கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே ஓடியிருக்கிறேன், தெருமுனையில் ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். முழங்கால் முழுக்க ரத்தம். இடது கையை மடியில் வைத்து வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். கை உடைந்த அன்று காலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள் என்று எழுதினேனே, அதே மாதிரி.  பக்கத்தில் அடுத்த வீட்டுப் பையன், சைக்கிளுக்குச் சொந்தக்காரன், அழத் தயாராக நிற்கிறான். “எப்படிடீ விழுந்தே?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பையனைப் பார்த்தாள். யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. யாரைக் காப்பாற்றலாம் என்று யோசிக்கிறாள்.  “நான்தாம்மா. ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டினேன். அவன் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னான்” என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்தோம். படம் வருவதற்குள் நான் பட்ட பாட்டை எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். டாக்டர் வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். உடையவில்லை. கம்பி இரண்டும் வைத்த இடத்தில் இருக்கின்றன. கட்டி இருந்த இடம் வெள்ளையாக அடைந்து வருகிறது. ஒரு மூலையில் மட்டும் சின்னதாகக் கறுப்பு தெரிகிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். “எப்படி விழுந்தே?” என்று அவரும் கேட்டார். கதை முழுவதையும் சொன்னாள். எந்த மேட்டிலிருந்து இறங்கினாள், எத்தனை எண்ணும்வரை கையை விட்டாள், எந்த நாய் குறுக்கே வந்தது, எல்லாம். அவர் சிரித்துவிட்டு முழங்காலுக்கு மருந்து எழுதினார்.

வெளியே வந்ததும் திட்டினேன் பாருங்கள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் திட்டினேன், பேருந்துக்குள்ளும் திட்டினேன். இறங்கும்போது கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். வாசல்வரை வந்த பிறகுதான் பார்க்கிறேன், நான் பிடித்திருந்தது இடது கை. சட்டென்று விட்டுவிட்டேன். அவளுக்கு ஒன்றுமில்லை. “அப்பாகிட்ட எழுதாதேம்மா, பயந்துடுவார்” என்றாள். எழுதத்தான் போகிறேன் என்றேன். “அப்போ திட்டுவாரா?” என்றாள். திட்டுவார் என்றேன். “உன்னையா, என்னையா?” என்றாள். உன்னைத்தாண்டி என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிவிட்டாள்.

நீங்கள் வந்து உங்கள் பங்குக்குத் திட்டுங்கள். எழுத்தில் வேண்டாம், நேரிலேயே திட்டுங்கள். அதற்குப் பிறகு நாமும் சண்டை போடுவோம், அவள் எதிரிலேயே போடுவோம். போட்டுவிட்டு மூன்று பேரும் சாப்பிட உட்காருவோம்.

உங்கள்
டெய்லரம்மா